கேமராக்காரர் எங்கே நின்றார்?

முதல் உலகப் போரைப் பற்றி எந்த டாக்குமெண்டரியைப் போட்டாலும் அந்தச் சில நொடிகள் தவறாமல் வந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படம். பதுங்குகுழியின் சரிவில் சிப்பாய்கள் வரிசையாக ஏறுகிறார்கள். ஒருவன் மேலே போய்ச் சேருவதற்குள் சுருண்டு, வந்த வழியே சரிந்து கீழே வழுக்குகிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். பின்னணியில் பீரங்கிச் சத்தம், சோக வயலின், கூடவே ஒரு கனத்த குரல்: 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் பாதிப்பு, அதில் 19,240 பேர் இறப்பு.

எண்ணிக்கை சரிதான். படம்தான் நாடகம். 1916 ஆகஸ்டில் பிரிட்டன் திரையரங்குகளில் ஓடிய ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ என்ற படத்திலிருந்து எடுத்த துண்டு அது. அந்தப் படத்தில் பெரும்பகுதி உண்மையாகவே போர்முனையில் எடுத்தது. அன்று காலை 7.20-க்கு ஹாதார்ன் மேட்டில் சுரங்கவெடி வெடித்து மண் வானுக்கு எழுவதை ஜெஃப்ரி மாலின்ஸ் படம் பிடித்தார், அது அசல். ஆனால் குழியிலிருந்து ஏறும் அந்தக் காட்சியைப் போர்முனைக்கு வெகு பின்னால் ஒரு பயிற்சிப் பள்ளியில் நடிக்கவைத்து எடுத்தார்கள். உற்றுப் பார்த்தால் தெரியும், யார் முதுகிலும் மூட்டை இல்லை. நிஜத்தில் அன்று ஏறியவர்கள் சுமார் 30 கிலோ சுமந்தார்கள்.

நூறு ஆண்டுகள் தாண்டியும் இந்தத் துண்டு ஓய்வு பெறவில்லை. தொலைக்காட்சித் தொடர், யூடியூப் வீடியோ, பள்ளிப் பாடம் என்று எல்லா இடத்திலும் அந்தச் சிப்பாய் தினமும் செத்துக்கொண்டிருக்கிறான்.

போர் பற்றிய தொடர்கள் மேல் எனக்கு நெடுநாள் பித்து. எது நல்ல தொடர், எது வெறும் சத்தம் என்று நண்பர்கள் கேட்டால் முன்பெல்லாம் இசை, குரல், வரைபடம் என்று நீட்டி முழக்குவேன். இப்போது ஒரே கேள்விதான் வைத்திருக்கிறேன். அது என்னுடையதுகூட இல்லை. ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமா, அதாவது மனைவியின் சித்தப்பா, ஸ்டாலின்கிராட் பற்றி ஏதோ ஒன்றை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். பனியில் சோவியத் வீரர்கள் கத்திக்கொண்டே நம்மை நோக்கி ஓடி வருகிறார்கள். “ஏன் மாப்பிள்ளை, இவனுக இந்தப் பக்கம் பார்த்து ஓடி வர்றானுக. அப்போ படம் எடுக்கிறவன் ஜெர்மன்காரன் பக்கத்துல நிக்கிறானா? அவனை யாரும் சுட மாட்டாங்களா?” என்றார்.

அவ்வளவுதான். கேமராக்காரர் எங்கே நின்றார்? இதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் தொடர் நல்ல தொடர்.

ஸ்டாலின்கிராடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 நவம்பரில் ஜெர்மன் ஆறாவது படையை வளைத்து, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த சோவியத் படைகள் கலாச் அருகே கைகோத்தன. பனியில் ஓடிவந்து கட்டித் தழுவும் அந்தக் காட்சி புகழ்பெற்றது. சந்திப்பு நடந்தது உண்மை. படம் சில நாள் கழித்துத் திரும்ப நடத்தி எடுத்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் என்று ஓடும் பல காட்சிகள் 1943-இல் ஜான் ஃபோர்டும் கிரெக் டோலண்டும் எடுத்த ‘டிசம்பர் 7’ படத்துக்காக ஸ்டுடியோவில் செய்த வேலை. பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் செங்கொடி ஏறும் புகைப்படம்? சோவியத் புகைப்படக்காரர் கல்தேய் அதை எடுத்தது 1945 மே 2, சண்டை முடிந்த பிறகு. ஒரு வீரரின் இரு கைகளிலும் கடிகாரம் இருந்ததால், கொள்ளையடித்ததாகத் தெரியும் என்று ஒன்றைச் சுரண்டி எடுத்தார்கள். புகையும் பிறகு சேர்த்ததுதான்.

இப்படி நடித்து எடுத்ததை எல்லாம் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதுவும் அந்தக் காலத்தின் சாட்சிதான், என்ன சாட்சி என்று சொல்லிவிட்டால். இந்தச் சண்டை 1964-லேயே வந்துவிட்டது. பிபிசி 26 பகுதிகளாக ‘தி கிரேட் வார்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. அப்போது உயிரோடு இருந்த முதல் உலகப் போர் வீரர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்த அருமையான வேலை அது. ஆனால் அசல் படத்தையும் நடித்த படத்தையும் எந்தக் குறிப்பும் இல்லாமல் கலந்துவிட்டார்கள் என்று லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் இயக்குநர் நோபிள் ஃபிராங்க்லாண்ட் மல்லுக்கு நின்றார். படத்தைக் கொடுத்தவர்களில் அவர் நிறுவனமும் ஒன்று. பிற்பாடு அதே மனிதர் வரலாற்று ஆலோசகராகப் போய் உட்கார்ந்த தொடர்தான் ‘தி வேர்ல்ட் அட் வார்’. என் கணக்கில் இன்றுவரை அதுதான் உரைகல்.

தேம்ஸ் டெலிவிஷன் தயாரிப்பு. 1973 அக்டோபர் 31 தொடங்கி 1974 மே 8 வரை 26 பகுதிகள். ஜெரமி ஐசக்ஸ் தலைமையில் நான்கு ஆண்டு வேலை. முதல் பகுதி எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். போர்க்களம் இல்லை, ஹிட்லர் இல்லை. பிரான்ஸில் ஓராதூர்-சுர்-க்ளான் என்ற கிராமத்தின் இடிபாடுகளுக்கு மேலே கேமரா மெல்லப் பறக்கிறது. கூரை இல்லாத வீடுகள், ஆளில்லாத தெரு. ஒரு கோடை நாளில் இந்தச் சாலை வழியாகத்தான் சிப்பாய்கள் வந்தார்கள், இப்போது இங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று நடிகர் லாரன்ஸ் ஒலிவியேவின் குரல் சொல்கிறது. 1944 ஜூன் 10 அன்று நாஜிகளின் எஸ்எஸ் படையினர் ஆண்களைக் கொட்டகைகளுக்கும், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்கும் கொண்டுபோய்க் கொன்றார்கள். 600-க்கும் மேற்பட்டோர். அந்த நாளில் அங்கே எந்தக் கேமராவும் இல்லை. இல்லாததை ஐசக்ஸ் குழு நடிகர்களை வைத்து நிரப்பவில்லை. வேறொரு ஊர் எரியும் படத்தை எடுத்து ஒட்டவும் இல்லை. மிஞ்சிய சுவர்களை மட்டும் காட்டினார்கள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, அரை நிமிடம் வெடி வெடிக்காவிட்டால் பார்வையாளர் ஓடிவிடுவார் என்று நடுங்கும் இன்றைய தொடர்களைப் பார்த்தால் புரியும்.

அந்தத் தொடரின் இன்னொரு பலம், யாரைப் பேசவைத்தார்கள் என்பது. பெரிய தலைகளும் வருகிறார்கள். ஆனால் பெரிய தலைகள் ஏற்கெனவே சுயசரிதை எழுதி, சொல்லிச் சொல்லி மெருகேறிப் போனவர்கள். ஐசக்ஸ் குழு அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களைத் தேடியது. செயலாளர், உதவியாளர், மெய்க்காவல் அதிகாரி. ஹிட்லரின் கடைசி உயிலைத் தட்டச்சு செய்த ட்ராட்ல் யுங்க அப்படி ஒருவர். பதுங்கறையின் கடைசி நாட்களை அவர் சொல்லும்போது அதில் சித்தாந்தம் எதுவும் இல்லை. யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன குடித்தார்கள் என்ற அளவிலேயே போகிறது. பயம் அதில்தான் வருகிறது.

அப்புறம் கார்ல் வோல்ஃப். எஸ்எஸ் தலைவர் ஹிம்லரின் தனி அலுவலகத் தலைவர், எஸ்எஸ் ஜெனரல். இருபதாவது பகுதியில், 1941 ஆகஸ்டில் மின்ஸ்க் அருகே ஹிம்லர் ஒரு படுகொலையை நேரில் பார்க்கப் போனதைச் சொல்கிறார். குழிக்குள் எட்டிப் பார்த்த ஹிம்லரின் மேலங்கியில் மூளைத் துணுக்கு தெறித்ததாம். முகம் வெளிறித் தள்ளாடினாராம். இவர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாராம். நல்ல சட்டை போட்ட, வயதான, மரியாதையான ஒரு மனிதர் இதைச் சொல்கிறார். தன் முதலாளிக்கு ஏற்பட்ட சங்கடம்தான் அவர் பேச்சில் இருக்கிறது. குழிக்குள் கிடந்தவர்கள் இல்லை. கேமரா அசையாமல் அவர் முகத்திலேயே நிற்கிறது. பேட்டி எடுப்பவர் குறுக்கே வரவில்லை, இசை வரவில்லை. 1941-இல் கேமரா இல்லாத இடத்துக்கு 1970-களின் கேமரா இப்படித்தான் போக முடியும்.

சரி, குறையே இல்லையா? உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் போர் பற்றிய பகுதியில் எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு இயந்திரம் பற்றிப் பேச்சே இல்லை. ஜெர்மன் கடற்படையின் ரகசியச் செய்திகளை பிரிட்டன் படித்துக்கொண்டிருந்த விஷயம் 1974-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தொடரில் பேசும், ஜெர்மன் நீர்மூழ்கிப் படையை நடத்திய அட்மிரல் டோனிட்ஸுக்கு என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆல்பர்ட் ஷ்பேயர் விஷயம் வேறு. ஹிட்லரின் ஆயுத அமைச்சர். நல்ல ஆங்கிலம், பணிவு, வருத்தம் தோய்ந்த முகம். திரும்பத் திரும்ப வருகிறார். யூதர்களைக் கொன்றது தனக்குத் தெரியாது என்று வாழ்நாள் முழுக்கச் சாதித்தவர். 2007-இல் அவருடைய பழைய கடிதம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 1943 அக்டோபர் 6 அன்று, யூதர்கள் எல்லோரும் கொல்லப்படுவார்கள் என்று ஹிம்லர் அறிவித்தபோது தான் அங்கே இருந்ததை அதில் எழுதியிருக்கிறார். கடிதத்தின் தேதி 1971 டிசம்பர். இந்தத் தொடருக்கான வேலை நடந்துகொண்டிருந்த அதே காலம்! இதைத் தெரிந்துகொண்டு இப்போது ஷ்பேயரின் பேட்டியைப் பார்த்தால் மனிதரே மாறிவிடுகிறார். நன்றாகப் பேசுகிற சாட்சி மேல்தான் கூடுதல் சந்தேகம் வைக்க வேண்டும்.

கேமராவே இல்லாத போர் என்றால் என்ன செய்வது? 1990-இல் கென் பர்ன்ஸ் எடுத்த ‘தி சிவில் வார்’ அந்தச் சிக்கலில் பிறந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் புகைப்படம் உண்டு, சினிமா கிடையாது. அந்தப் புகைப்படமும் சில நொடிகள் அசையாமல் இருந்தால்தான் விழும். ஆகவே சண்டையின் படம் ஏறக்குறைய இல்லை. சண்டைக்கு முன்னால் விறைத்து நிற்கும் முகங்கள், பின்னால் கிடக்கும் உடல்கள், அவ்வளவுதான். பர்ன்ஸ் ஒவ்வொரு புகைப்படத்தின் மேலும் கேமராவை மெல்ல ஊரவிட்டு, சிப்பாய்களின் கடிதங்களைக் குரல் கொடுத்து வாசிக்கவைத்தார். முதல் பகுதியின் முடிவில் மேஜர் சலிவன் பலூ தன் மனைவி சாராவுக்கு எழுதிய கடிதம் வரும். எழுதிச் சுமார் இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார். கல் மனசும் கொஞ்சம் ஆடும்.

ஆனால் அங்கேயும் கேமராக்காரர் சாதுவானவர் இல்லை. கெட்டிஸ்பர்க்கில் பாறை இடுக்கில் இறந்து கிடக்கும் தெற்கத்தி வீரனின் புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அந்த உடலை அலெக்ஸாண்டர் கார்ட்னர் குழு வேறோரிடத்திலிருந்து தூக்கிவந்து கிடத்தி, துப்பாக்கியையும் சாய்த்து வைத்து எடுத்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, வெவ்வேறு படங்களில் அதே உடல் இருப்பதை ஓர் ஆய்வாளர் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். பர்ன்ஸ் தொடர் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. ஷெல்பி ஃபூட் என்ற எழுத்தாளர் தாத்தா கதை சொல்வதுபோல இனிமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அடிமை முறைதான் போரின் மையம் என்று நறுக்கென்று பேசும் வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்த நேரம் அதில் சிறு பங்கு. யாருக்கு எத்தனை நிமிடம் என்பதும், கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்வியின் இன்னொரு வடிவம்தான்.

வியட்நாமில் நிலைமை தலைகீழ். எங்கு பார்த்தாலும் கேமரா. 1965 ஆகஸ்டில் கேம் நே கிராமத்தில் ஓர் அமெரிக்க மெரீன் சிகரெட் லைட்டரால் கூரைக்குத் தீ வைப்பதை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. செய்தியாளர் மோர்லி சேஃபரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். படம் எடுத்தவர் ஹா தூக் கான், வியட்நாமியர். எரிகிற வீட்டில் இருப்பவர்கள் கதறுகிற மொழி கேமராவைப் பிடித்திருந்தவரின் தாய்மொழி.

இதைவிட என்னை உலுக்கியது மை லாய் கிராமப் படுகொலை. 1968 மார்ச் 16. அமெரிக்க ராணுவத்தின் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி அந்தப் படைப்பிரிவோடு போனார். கழுத்தில் இரண்டு வகைக் கேமரா. ராணுவம் கொடுத்ததில் கறுப்பு வெள்ளைச் சுருள். சொந்தக் கேமராவில் கலர் சுருள். ராணுவச் சுருளில் வழக்கமான ரோந்துக் காட்சிகள், அதை ஒப்படைத்துவிட்டார். பாதையில் குவிந்து கிடந்த பெண்களும் குழந்தைகளும் இருந்தது கலர் சுருளில். அது 1969 நவம்பரில் கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றில் வெளிவந்த பிறகுதான் உலகம் நம்பியது. வியட்நாமியர் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். தன் சகவீரர்கள் சுட்டுக்கொண்டிருந்த தருணத்தைக் காட்டிய சில படங்களைத் தானே அழித்துவிட்டதாகவும் அவர் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே காலை நேரம். ஆவணக் காப்பகத்தில் ராணுவச் சுருள் மட்டும் இருந்திருந்தால், அதை வைத்து ஒரு தொடர் எடுத்திருந்தால், அதில் ‘நடித்து எடுத்தது’ என்று சொல்ல ஒரு காட்சிகூட இருந்திருக்காது. ஆனாலும் முழுப் பொய்.

பர்ன்ஸும் லின் நோவிக்கும் 2017-இல் 18 மணி நேரத்தில் கொடுத்த ‘தி வியட்நாம் வார்’ இந்த இடத்தில் பாதி ஜெயிக்கிறது. வடக்கு வியட்நாம் வீரராக இருந்து எழுத்தாளரான பாவ் நிங் பேசுகிறார். சாலை போடும் தொண்டராகப் போன லே மின் குவே பேசுகிறார். மகனைப் பறிகொடுத்த அமெரிக்கத் தாய் பேசுகிறார். எதிரி என்றால் காட்டுக்குள் அசையும் இலை என்று காட்டிய பழைய அமெரிக்கப் படங்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் தொடக்கத்திலேயே, நல்லெண்ணம் கொண்ட கண்ணியமான மனிதர்கள் தொடங்கிய போர் இது என்கிற ரீதியில் ஒரு வாசகம் வருகிறது. பத்துப் பகுதிகளும் அந்த வாசகத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. தொடரைவிடத் தொடரின் குரல் கோழையாக இருப்பது விசித்திரம்தான்.

கலர் பூசுவது பற்றிக் கேட்பார்கள். எனக்குப் பெரிய பகை இல்லை. 2018-இல் பீட்டர் ஜாக்சன் முதல் உலகப் போர்ப் படங்களுக்கு நிறம் ஏற்றி, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பேச்சையும் மீட்டார். அதில் சிப்பாய்களின் சொத்தைப் பல் தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. அதற்காகவே மன்னிக்கலாம். சத்தம்தான் எனக்கு உறுத்தும். இரண்டாம் உலகப் போரின் களப் படங்களில் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். நாம் கேட்கும் வெடிச்சத்தம் முழுக்கப் பிறகு சேர்த்தது. நல்ல தொடர்களும் சேர்க்கின்றன. ஆனால் ஒவ்வொரு துப்பாக்கி அசைவுக்கும் ‘டுமீல்’ போடத் தொடங்கினால் அது வீடியோ கேம்.

வரைபட அம்புக்குறிகளையும் அளவோடு ரசிப்பவன் நான். சிவப்பு அம்பு நீல அம்பை வளைக்கும்போது நடுவில் எத்தனை கிராமங்கள் இருந்தன என்று எந்த அம்பும் சொல்வதில்லை.

மூடிய அறைக்குள் நடந்ததை எப்படிக் காட்டுவது என்பதற்கு 1995-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி டெத் ஆஃப் யுகோஸ்லாவியா’ ஒரு பாடம். நார்மா பெர்சியும் அவர் குழுவும் வைத்திருந்த விதி எளிது: அந்த அறைக்குள் இருந்தவர் மட்டும்தான் பேசலாம். நிபுணர் கிடையாது. ஒரே கூட்டத்தைப் பற்றி செர்பியத் தலைவர் மிலோசெவிச் ஒன்று சொல்வார், குரோவேஷியத் தரப்பு வேறொன்று சொல்லும், ஸ்லோவேனியர் மூன்றாவதைச் சொல்வார். வெட்டி வெட்டி அடுத்தடுத்து வைக்கும்போது யார் பொய் சொல்கிறார் என்பதை நாமே பிடித்துவிடலாம். பிற்பாடு ஹேக் நகரின் போர்க்குற்றத் தீர்ப்பாயம் இந்தப் பேட்டிகளை ஆதாரமாகவே பயன்படுத்தியது. இதைவிட ஒரு டாக்குமெண்டரிக்கு என்ன நற்சான்றிதழ் வேண்டும்?

நம் ஆட்கள் வருகிற இடத்துக்கு வருகிறேன். ‘தி வேர்ல்ட் அட் வார்’ தொடரின் 14-வது பகுதி பர்மா. மழையும் சேறும் மலேரியாவுமாக அந்தப் போர் எப்படி இருந்தது என்பதை அருமையாகக் காட்டுகிறது. ஆனால் உட்கார்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷார். அங்கே போரிட்ட 14-வது படையில் பெரும்பான்மை இந்தியர்கள். 1942-இல் ரங்கூனிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்த லட்சக்கணக்கானவர்களில் தமிழர் எத்தனையோ பேர். தொடர் எடுத்த காலத்தில் அவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். மெட்ராஸுக்கு ஒரு பேட்டிக் குழு வந்திருந்தால் போதும்.

சயாம் மரண ரயில் இன்னும் மோசம். 1942-43-இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. சுமார் 60,000 நேசநாட்டுக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சினிமாவும் தொடர்களும் பேசுவது இவர்களைத்தான். பேசுவதற்குப் பொருள் இருக்கிறது: கைதிகள் ஒளித்து வைத்து வரைந்த ஓவியங்கள், நாட்குறிப்புகள், காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். இறந்தவர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்கள் கையில் பென்சில் இல்லை. எண்ணி வைக்க அதிகாரி இல்லை. பெயர் போட்ட கல் இல்லை. படம் இருக்கிற இடத்துக்கே தொடர்கள் போகும் என்பதால் வரலாறும் அங்கேயே நின்றுவிட்டது. ஓராதூரில் வெறும் சுவரைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்டைக் காட்டத் தோன்றாமல் போனது வருத்தம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘தி வேர்ல்ட் அட் வார்’ தொடரை 2010-இல் ப்ளூ-ரேயாகப் புதுப்பித்தபோது அகலத்திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள். கேமராக்காரர் உயிரைக் கொடுத்து எடுத்த சட்டகத்தை டிவி அளவுக்காக நறுக்குவதை என்னவென்று சொல்வது? பழைய சதுர வடிவிலேயே தேடிப் பாருங்கள். முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 16-வது பகுதி, போர்க்காலத்தில் ஜெர்மனிக்குள் சாதாரண வாழ்க்கை எப்படி இருந்தது என்பது பற்றியது. அதில் தொடங்கலாம். ஷ்பேயர் பேசும்போது மட்டும் அந்த 1971 கடிதம் நினைவிருக்கட்டும்.